நாலு கட்டத்திலும் டிக்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், எந்த மாடியில் இறங்கினாலும் அதே மாடி போலவே இருக்கும் அரசாங்கக் கட்டடங்களில் ஒன்றில், கோமளா எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சர்குலர் கோமளா எங்கே என்று கேட்டால் லிஃப்ட்காரரே ஸ்டூலிலிருந்து எழுந்து வழி காட்டுவார். மூன்றாம் மாடி, இடது பக்கம், கதவில் காலண்டர் தொங்கும் அறை.

பட்டம் சும்மா வரவில்லை. 1979-ல், இருபத்து மூன்று வயதில், கோமளா எல்.டி.சி.யாக, அதாவது கடைநிலை குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தாள். கரோல் பாகில் ஒரு மாடி அறை, கூட மூன்று பெண்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பக்கெட். சேர்ந்த முதல் வாரமே ஒரு ஃபைலுக்கு ஏதோ ஒரு பழைய சுற்றறிக்கை தேவைப்பட்டது. சூப்பரிண்டெண்ட் பீரோவைத் திறக்காமலேயே "கிடைக்காது" என்றார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே அதே சுற்றறிக்கை. நம்பர், தேதி, கையெழுத்து, எல்லாம் சரி. கடலையைக் கைக்குட்டைக்கு மாற்றிவிட்டு, காகிதத்தை நீவி மறுநாள் சூப்பரிண்டெண்ட் மேஜையில் வைத்தாள். அவர் பாராட்டவில்லை. "இன்வர்ட் நம்பர் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். இந்த சர்க்காரை நம்பி ஒரு காகிதத்தையும் விட்டுவைக்கக் கூடாது என்று கோமளா அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்ட ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு நகல் அவளோடு வீட்டுக்குப் போனது.

கணவர் தட்சிணாமூர்த்தி விமானப்படை. பெண் பார்க்க வந்தபோது கோமளாவின் மாமாக்கள் அண்ணாந்து பார்த்துத்தான் பேசினார்கள். அவர் பணியாற்றியது ஸ்டோர்ஸில் என்பதும், விமானத்தை போல்ட், நட்டு, வாஷர் என்று தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறார் என்பதும் தாலி கட்டிய பிறகு தெரிந்தது. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வாஷர் வெளியே போனதில்லை. சார்ஜெண்ட்டாக ஓய்வு பெற்று மயூர் விஹார் கூட்டுறவு ஃபிளாட்டில் குடியேறியதும் வீட்டுச் சமையலையும் சொசைட்டி கேட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சமையலில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். கேட்டில் கிடையாது. வருகிறவர் பெயர், நேரம், யார் வீட்டுக்கு, என்ன விஷயம், எல்லாம் நோட்டில் ஏறவேண்டும். ஒரு தடவை சொசைட்டி தலைவரே பால் வாங்கப் போய்த் திரும்பியபோது கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இப்படி ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வந்தால் என்ன ஆகும்?

மகள் அகல்யா கல்யாணமாகிப் பெங்களூர் போனபோது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்த விண்டோஸுக்கு லைசென்ஸ் காகிதம் இல்லை. கோமளா நேரு பிளேஸுக்குப் போய் அதைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரரைப் பிடித்தாள். "லைசென்ஸ்?" என்றாள். "மேடம்ஜி, சப் சல்தா ஹை" என்றார் அவர். எல்லாம் நடக்கும் என்ற அந்த வாக்கியத்தைக் கேட்டு இருபத்தேழு வருஷம் வயிறெரிந்தவள் அவள். காகிதமில்லாத சாமான் என் வீட்டில் ஒரு நாள் இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருப்பதை ஒரு பத்திரிகையில் படித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் சிடி அனுப்புகிறார்கள் என்றும் போட்டிருந்தது. கேட்டாள், வந்தது. உலகத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தாள். லைசென்ஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து படித்தாள். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். "என்னங்க, ரொம்ப ஒழுங்கா டிராஃப்ட் பண்ணியிருக்காங்க. ஒரு ஓட்டை இல்ல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே அதை ஏற்றிவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. கேள்வி கேட்டது, பதில் சொன்னாள். படிவம் நிரப்பத் தெரிந்தவளுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

அடுத்த ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேனர் முனகிக்கொண்டே இருந்தது. எட்டு டிரங்குப் பெட்டிச் சுற்றறிக்கைகள் கம்ப்யூட்டருக்குள் போயின. வருஷம், பொருள், நம்பர் என்று அடுக்கு. வீட்டுக் காகிதமும் மிச்சமில்லை. காஸ் கனெக்‌ஷன் ரசீது, அகல்யாவின் மார்க் ஷீட், தட்சிணாமூர்த்தியின் முழங்கால் எக்ஸ்ரே, எல்லாம் தத்தம் இடத்தில்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருந்தது. ஆபீசில் யாராவது வந்து, "மேடம், 98-ல லீவ் என்கேஷ்மெண்ட் பத்தி ஒண்ணு வந்துதே" என்பார்கள். "இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்று அவள் சொல்ல நேரும். அந்த 'நாளைக்கு' அவளைக் குத்தியது. நாளைக்கு என்பது மற்ற செக்‌ஷன்காரர்கள் சொல்லும் வார்த்தை. கேட்ட நிமிஷமே காகிதம் மேஜையில் விழுந்தால் அல்லவா அவள் கோமளா?

2007 ஏப்ரலில் இதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்க்கலாம், அதன் மவுஸை இங்கிருந்தே நகர்த்தலாம் என்று லினக்ஸின் உதவிப் பக்கங்களில் படித்தாள். ரிமோட் டெஸ்க்டாப். மற்றவர்களுக்குத் தலை சுற்றும் இடமெல்லாம் அவளுக்கு ஆபீஸ் நடைமுறையாகவே தெரிந்தது. வெளியிலிருந்து வருகிற தபால் முதலில் கட்டடத்துக்கு வரும். எந்த அறைக்குப் போகவேண்டும் என்று தபால் பிரிவுக்குச் சொல்லி வைக்காவிட்டால் வாசலிலேயே கிடக்கும். இங்கே வாசல் மோடம், அறை கம்ப்யூட்டர். மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இந்த நம்பர் கதவைத் தட்டி வருவதையெல்லாம் இந்த அறைக்கு அனுப்பு என்று எழுதி வைத்தாள். தீர்ந்தது. மோடத்தை அணைத்துப் போட்டால் வீட்டின் இன்டர்நெட் நம்பர் மாறிவிடும் என்பது மட்டும் தொந்தரவு. அதற்கென்ன, டிரான்ஸ்ஃபர் வந்தால் அதிகாரி அறை மாறவில்லையா? தினமும் காலையில் அன்றைய நம்பரை தட்சிணாமூர்த்தி போனில் வாசித்தால் போதும்.

கடைசியாக ஒரு சின்னப் பெட்டி வந்தது. நாலு கட்டங்கள். மற்றவர்கள் உங்கள் திரையைப் பார்க்கலாமா? மவுஸையும் ஆளலாமா? பாஸ்வேர்டு வேண்டுமா? ஒவ்வொரு முறையும் இங்கே இருப்பவரின் அனுமதி கேட்கவேண்டுமா?

வேறு யாராக இருந்தாலும் நாலாவது கட்டத்தை விட்டிருப்பார்கள். அதில் டிக் போட்டால் வீட்டில் ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்து 'அனுமதி' பொத்தானை அமுக்கினால்தான் கதவு திறக்கும். ஆளில்லாத வீட்டுக் கம்ப்யூட்டரை எட்டத்தானே இந்த வித்தை? ஆனால் கோமளா அரசாங்க ஊழியை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும் என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. அனுமதி இல்லாமல் ஒருவர் உள்ளே வருவது, அந்த ஒருவர் அவளே ஆனாலும், அவளால் நினைத்துப் பார்க்கமுடியாத ஒழுங்கீனம். நாலு கட்டத்திலும் டிக் அடித்தாள். பெட்டி மறைந்தது. கணவருக்கு ஆறு பத்திகளில் ஒரு அலுவலக உத்தரவு டைப் செய்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாள். ஐந்தாம் பத்தி: பெட்டி தோன்றியதும் அனுமதி தந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கச் செல்லலாம்.

மறுநாள் ஆபீசில் மூலையில் உறை போட்டு வைத்திருந்த இன்டர்நெட் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வீட்டு நம்பரைத் தட்டினாள், பாஸ்வேர்டு கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மறுக்கப்பட்டது என்று வந்தது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் மறுப்பு. போனை எடுத்தாள்.

"என்னங்க, பெட்டி வந்துதா?"

"வந்துது. யாரோ உள்ள வரப் பாத்தான். ரெண்டு தடவை துரத்திட்டேன்."

"ஐயோ, அது நான்தாங்க!"

"நான்தான்னா யாரு? பேர் எங்க போட்டிருக்கு? வெறும் நம்பர்தான் இருக்கு. நாளைக்குத் திருடன் வந்தாலும் நான்தான்னுதான் சொல்வான்."

"திருடனுக்கு பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

கோமளாவுக்குக் கோபம் வரவில்லை. மனுஷர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவளே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆகவே நடைமுறை திருத்தப்பட்டது. முதலில் போன், பிறகு தட்டல், பிறகு அனுமதி. தட்சிணாமூர்த்தி தன் பங்குக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவந்து மானிட்டர் பக்கத்தில் வைத்தார். தேதி, நேரம், நம்பர், யார், விஷயம். அது முடிந்ததும் காரிடாரில் கோமளாவின் கொடி பறந்தது.

"மேடம், 91 ஹெச்.ஆர்.ஏ. கிளாரிஃபிகேஷன்..."

"உட்காருங்க." போன், தட்டல், அனுமதி. அம்பு நகர்ந்தது, ஃபோல்டர் திறந்தது, பிரிண்டர் கக்கியது. "இந்தாங்க. இரண்டாம் பாராவைப் பாருங்க."

ஊழியர் விவகாரம் பார்க்கும் ஸ்தாபனப் பிரிவின் வைத்தி, இருபது வருஷமாக எதற்குமே வியக்காதவர், அவரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆத்துல இருக்கிற மவுஸை இங்கேர்ந்து ஆட்டறேளா! எங்காத்துல நான் பக்கத்துல உக்காந்துண்டு சொன்னாக்கூட ஒண்ணும் அசையறதில்லை."

கோமளாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. ஐந்தாம் பத்தியை தட்சிணாமூர்த்தி ஒரு நாளும் பின்பற்றவில்லை. அனுமதி கொடுத்ததும் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயோடு உட்கார்ந்துவிடுவார். அம்பு தானாக ஓடும். ஃபோல்டர்கள் திறக்கும், மூடும். ஒரு காகிதம் எழும்பி நிற்கும், பெரிதாகும், அடிக்கோடு விழும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி ஆபீஸ் வேலை செய்து அவர் பார்த்தது அப்போதுதான். எங்கேயும் தயங்காத அம்பு. சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில் ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை, பதவி உயர்வு வந்தது.

உதவி இயக்குநர். சென்னை வட்டார அலுவலகம். வேண்டாம் என்றால் வெள்ளி மாலை ஐந்துக்குள் மின்னஞ்சலில் எழுதி அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் சம்மதம் என்று பொருள். வேண்டாம் என்று எழுதினால் ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வைப் பற்றிப் பேச்சில்லை.

கோமளாவுக்குப் போக விருப்பமில்லை. அதில் ஒரு விநாடி சந்தேகமும் இல்லை. சிக்கல் தட்சிணாமூர்த்தி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வாயில் தாம்பரம்தான். கூட வேலை பார்த்த நாலு சார்ஜெண்ட்டுகள் அங்கே ஒரே தெருவில் இருந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், மங்கி கேப்புக்குள்ளிருந்து, "இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா? உனக்கு ஒரு சென்னை போஸ்டிங் வரட்டும், மறுநாள் லாரி கூப்பிடறேன்" என்பார். கல்யாணமான நாளாக அவர் எங்கே மாற்றலானாலும் அவள் தில்லியை விட்டு அசையவில்லை, வரட்டும் வரட்டும் என்றே ஓட்டினாள். இப்போது வந்துவிட்டது. சொன்னால் லாரி வரும். சொல்லாவிட்டால்?

சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன் போயின. வியாழன் மாலை அவர் சொசைட்டி மீட்டிங்குக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மறுப்புக் கடிதத்தை டைப் செய்தாள். மறுப்புக்குக் காரணம் வேண்டாமா? காரணமில்லாத ஃபைலை அவள் வாழ்நாளில் எழுதியதில்லை. தேடியதில் அகப்பட்டது முழங்கால். 2004-ல் மாடிப்படியில் சறுக்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். கீழே கையொப்பமிட்டவரின் கணவர், முன்னாள் படைவீரர், நாட்பட்ட மூட்டு நோயால் நடமாட்டம் குறைந்து தில்லியில் தொடர் சிகிச்சையில் இருப்பதாலும், அவரை இடம் மாற்றுவது உகந்ததல்ல என்பதாலும்... வாக்கியம் ஒன்பது வரி ஓடியது. படித்தால் கல்லும் கரையும். எழுதி முடித்தும் அனுப்ப விரல் வரவில்லை. மூடி வைத்துவிட்டாள். கீழே, கேட்டருகே, நடமாட்டம் குறைந்த அந்த மூட்டு நோயாளி ஒரு காய்கறி வண்டியைத் துரத்திப் போய்க்கொண்டிருந்தார்.

வெள்ளி மத்தியானம் மூன்றரைக்கு வைத்தி வந்தார். "மேடம், உங்க லெட்டர் வரலையே. அஞ்சு மணிக்கு ஃபைலை மேல அனுப்பிடுவேன், அப்புறம் ஆர்டர் போட்டுடுவா. போறேள்னா சொல்லுங்கோ, மாம்பலத்துல நல்ல வீடா பாத்துத் தரேன்."

"நாலரைக்குள்ள வரும்" என்றாள் கோமளா.

மறுப்பு வெறும் மறுப்பாகப் போகக் கூடாது. பின்னிணைப்பு வேண்டும். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். உறையை நீக்கி உட்கார்ந்தாள். போன் செய்தாள். "என்னங்க, ஒரு சர்குலர் எடுக்கணும். அனுமதி குடுத்துட்டு நீங்க போய்ப் படுங்க." பெட்டி திறந்தது. அம்பு நடந்தது. கடிதத்தைத் திறந்தாள், ஒரு தடவை படித்தாள், முழங்கால் ஃபோல்டரை நோக்கி அம்பை நகர்த்தினாள்.

அம்பு வரவில்லை.

இழுத்தாள். கொஞ்சம் வந்தது, திரும்பிப் போனது. லைன் மந்தம் என்று நினைத்தாள். ஆனால் அம்பு மந்தமாக இல்லை. கடிதத்துக்குள் போய், இரண்டாம் பத்தியில் மூட்டு நோய் என்ற இடத்தில் நின்றது. அங்கே ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கில லிபியில், எல்லாமே பெரிய எழுத்தில், விமானப்படைத் தந்தி போல ஒரு வரி முளைத்தது.

முழங்கால் நலம். தினம் ஐந்து சுற்று நடக்கிறது.

கோமளா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மயூர் விஹாரில் பிரம்பு நாற்காலியில் ஒரு மனுஷர் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு மட்டுமல்ல, தினமும் அப்படித்தான் உட்காருகிறார் என்பதும் எப்படியோ தெரிந்துவிட்டது.

அடுத்த வரி வந்தது. யாருக்கு பிரமோஷன்?

எனக்கு, என்று இவள் அடித்தாள்.

எப்போ வந்தது?

திங்கள்.

இன்றைக்கு வெள்ளி.

போனை எடுங்க, என்று அடித்தாள்.

போன்ல நீ பேசி ஜெயிச்சுடுவே. இங்கயே எழுது.

அவள் 'என்னங்க' என்று அடித்து, அழித்தாள். வீட்டில் ஒரு பேச்சுக்கு அவள் பதில் யோசித்ததே கிடையாது. அதற்குள் அடுத்தது வந்தது.

சென்னை வேண்டாம்னா வேண்டாம்னு எழுது. என் முழங்காலை ஏன் கூட்டிக்கிட்டுப் போறே?

அத்தோடு திரை அணைந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மணி நாலு பத்து. கோமளா மறுபடியும் நம்பரைத் தட்டினாள். மறுக்கப்பட்டது. இன்னொரு தடவை. மறுக்கப்பட்டது. இணைக்கும் வித்தையில் எந்தப் பிசகும் இல்லை. அவள் அமைத்தது எப்படி அமைந்ததோ அப்படியே, ஒழுங்காக, விதிப்படி அவளை வெளியே நிறுத்தியது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைத்தி கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.

இந்தச் சமயத்தில் கோமளா வேறு ஒன்றும் செய்திருக்கலாம். பின்னிணைப்பில்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே நாலு வரி அடித்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டில் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அது தோன்றியது. புதுப் பக்கத்தைத் திறக்கும் வரை கூடப் போனாள். பிறகு அதை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். ஏழாவது மணியில் அங்கே எடுத்தார்கள்.

"யாரு?" என்றது கேட்டில் கேட்கும் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"கோமளா. பிரமோஷன் வந்ததை நாலு நாளா சொல்லாம மறைச்சவ."

"விஷயம்?"

"முழங்காலை எடுக்கணும்."

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நோட்டில் ஏறுகிறது. "அச்சா," என்றது குரல். "உள்ள வா."

பெட்டி திறந்தது. கோமளா ஒன்பது வரி வாக்கியத்தைத் தேர்ந்து, நீல நிறமாக்கி, ஒரே விசையில் அழித்தாள். கல்லும் கரைகிற வாக்கியம், போயே போய்விட்டது. அதன் இடத்தில் 'கீழே கையொப்பமிட்டவர்' என்று ஆரம்பித்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எழுதிய எந்தக் குறிப்பிலும் 'நான்' இருந்ததில்லை. கருதப்படுகிறது, உணரப்படுகிறது, பரிந்துரைக்கப்படுகிறது என்றுதான் எழுதினாள். யார் கருதுகிறார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதுமில்லை. இப்போது அடித்த அந்த இரண்டு சொல்லையும் அழித்தாள். எழுதினாள்:

எனக்குச் சென்னை செல்ல விருப்பமில்லை. நான் தில்லியிலேயே இருக்க விரும்புகிறேன்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. எட்டு டிரங்குப் பெட்டியையும் படித்தவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பின்னிணைப்பும் தேவையில்லை. இந்த இரண்டு வரிக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் வரை போயிருக்கவே வேண்டாம். ஆனாலும் அவள் இணைப்பை மூடவில்லை. கீழே இன்னும் எழுதினாள்.

இங்க காரிடார்ல நடந்தா நாலு பேர் எழுந்து வந்து என்னைக் கேக்கறாங்க. அங்க போனா எனக்கு ஏ.சி. ரூம் இருக்கும். கேக்க யாரும் இருக்கமாட்டாங்க. பயமா இருக்கு.

இப்போது அம்பு இருவர் கையிலும் இல்லாமல் திரை நடுவில் நின்றது. மணி நாலு இருபத்தெட்டு. பிறகு அசைந்தது. அவள் கீழே எழுதிய வரிகளைத் தட்டுத்தடுமாறித் தேர்ந்து, நீலமாக்கி, அழித்தது.

இது ஆபீசுக்கு வேண்டாம், என்று பெரிய எழுத்தில் வந்தது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்.

அடுத்த வரி: தாம்பரம்?

டிசம்பர், ஜனவரி. வருஷா வருஷம். நீங்க முன்னாடி போங்க, எல்.டி.சி.யா இருந்தப்போ கிடைக்காத எல்லா லீவும் சேத்துப் பொங்கலுக்கு நான் வரேன், என்று அடித்தாள்.

எழுத்தில் வேண்டும்.

இது எழுத்து இல்லாம என்னங்க?

திரையில் பிரிண்ட் பெட்டி திறந்தது. மயூர் விஹாரில் பிரிண்டர் ஓடியிருக்கவேண்டும். ஸ்டோர்ஸ்காரர் வவுச்சர் இல்லாமல் எதையும் கைமாற்றுவதில்லை. அது முடிந்ததும் கோமளா கீழ் வரிகளையெல்லாம் நீக்கிவிட்டு, இரண்டு வரிக் கடிதத்தை நாலு நாற்பதுக்கு அனுப்பினாள்.

வைத்தி தன் திரையில் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்தார். "என்ன மேடம், இவ்வளவு சின்னதா? காரணம் ஒண்ணும் போடலையே. மேல கேப்பா."

"கேட்டா, காரணம் கேக்கலாம்னு எந்த சர்குலர்ல இருக்குன்னு கேளுங்க" என்றாள் கோமளா. "இருந்தா நம்பரும் தேதியும் சொல்லச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

சாயங்காலம் சார்ட்டர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது தட்சிணாமூர்த்தி மேஜையைக் காட்டினார். மேஜையில் பிரிண்ட் எடுத்த காகிதம், அதன் மேல் பேனா, மூடி கழற்றி வைத்தபடி. கோமளா நின்றபடியே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். அவர் அதை வாங்கிப் பார்த்து, மடித்து, எக்ஸ்ரே வைத்திருக்கும் உறையில் போட்டார். பிறகுதான், "ரசம் வச்சிருக்கேன்" என்றார்.

"அந்த நாலாவது டிக்கை எடுத்துடட்டுமா?" என்று சாப்பிடும்போது கேட்டாள். "அதை எடுத்தா நீங்க ஒவ்வொரு தடவையும் உக்கார வேண்டாம்."

"எடுத்துப் பாரு" என்றார் தட்சிணாமூர்த்தி.

எடுக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. தட்சிணாமூர்த்தி, மோடத்தை மட்டும் அணைக்காதே என்று சொல்லிவிட்டு, தாம்பரம் போய் நாலு நாள். கோமளா சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக வந்த ஒரு சுற்றறிக்கையை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். திரையில் பெட்டி வந்தது. ஏதோ ஒரு நம்பர் உள்ளே வர அனுமதி கேட்கிறது. அனுமதியா, மறுப்பா? கூடவே போன் அடித்தது.

"யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றது தாம்பரத்து பிரௌசிங் சென்டர். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், நாலு சார்ஜெண்ட்டுகளும் கூடவே நிற்கிறார்கள் போலிருக்கிறது.

"நான்தான்னா?"

"முழங்கால் நல்லா இருக்கிறவன். ஜல்தி திற, இங்க மணிக்கணக்குல சார்ஜ் பண்றான். முதல்ல நோட்டுல ஏத்து."

கோமளா மானிட்டர் பக்கத்திலிருந்த நோட்டைத் திறந்தாள். கடைசி வரி அவர் கிளம்பிய அன்று முடிந்திருந்தது. அவள் இதுவரை அந்த நோட்டைப் பிரித்ததில்லை. பக்கங்களைப் புரட்டினாள். கோமளா, சர்குலர். கோமளா, சர்குலர். ஆகஸ்டு வெள்ளிக்கிழமையில் கொஞ்சம் நின்றாள். முதல் வரியில் கோமளா, சர்குலர், பக்கத்தில் 'பொய்' என்று பென்சிலில். அடுத்த இரண்டும் 'துரத்தப்பட்டது'. அதற்கடுத்து, மணி நாலு பதினெட்டு, கோமளா. விஷயம் என்ற கட்டத்தில் முழங்கால் என்று எழுதி, அடித்து, ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். காலிக் கட்டம். ஸ்டோர்ஸ்காரர் காலியாக விட்ட ஒரே கட்டம்.

"என்ன, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். தேதி போட்டாச்சு, நம்பர் போட்டாச்சு. விஷயம்னு என்ன எழுதட்டும்?"

அங்கே நாலு சார்ஜெண்ட்டுகளும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

"சும்மான்னு போடு" என்றார் தட்சிணாமூர்த்தி.

எந்த ஃபைலிலும், எந்தப் படிவத்திலும் கோமளா அந்த வார்த்தையை எழுதியதில்லை. எழுதினாள். அனுமதியை அமுக்கிவிட்டு, பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.